ஓவன் இல்லாமல் நாய்க்கு மீன் பிஸ்கட்: நம் குசினிச் சாமான்களே போதும்

மட்டக்களப்புப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் நாய்க்கென்று தனியாக அடுப்பு மூட்டுவது குறைவு. நாம் சாப்பிட்டு மிஞ்சிய சோறு, அதில் கொஞ்சம் மீன் கறியோ சொதியோ ஊற்றி, முற்றத்தில் ஒரு பழைய சட்டியில் வைப்போம். நாயும் நக்கித் துடைத்துவிடும். ஆனால் அந்தக் கறியில் உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி, தேங்காய்ப்பால் எல்லாம் இருக்கின்றன. இதில் வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கின்றன. பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், தூளாக்கினாலும் அதே கதைதான்.

அதனால் நாய்க்கு வீட்டில் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, எதைப் போடக் கூடாது என்பதைத்தான். உப்பு வேண்டாம், சீனி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தாளிப்பு வேண்டவே வேண்டாம். நமக்குச் சப்பென்று இருப்பது நாய்க்கு அப்படி இல்லை. அது மணத்தை வைத்துத்தான் சாப்பாட்டை எடைபோடுகிறது. மீன் மணம் ஒன்று போதும், வாலை ஆட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

என்ன வேண்டும்

முள் நீக்கி அவித்த மீன் சதை 100 கிராம் அளவு. அவித்து மசித்த பூசணிக்காய் கால் கப். ஒரு முட்டை. அரிசி மா ஒரு கப், கைக்கெட்டும் தூரத்தில் இன்னும் கொஞ்சம். வெள்ளை மாவோ சிவப்பரிசி மாவோ எதுவும் சரி. இடியப்பத்துக்கு வறுத்து வைத்த மா இருந்தால் அது இன்னும் நல்லது, ஈரத்தை நன்றாக இழுக்கும். குரக்கன் மாவில் பாதி கலக்கலாம். அப்புறம் ஒரு வாழையிலைத் துண்டு. அவ்வளவுதான்.

மீன் எப்படி எடுப்பது

முதல் தடவை செய்கிறவர்கள் சூரை, பாரை மாதிரிப் பெரிய முள் உள்ள மீனாக எடுங்கள். சூடை மலிவு, சத்தும் அதிகம், ஆனால் பொடி முள் எடுத்து முடிக்கப் பொறுமை வேண்டும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“நாய்க்குத்தானே” என்று பழுதாகப் போகிற மீனை எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நமக்கு வாங்குகிற அதே மீனில் ஒரு துண்டை, தூள் போடுவதற்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள். தனியாக வாங்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், கரையோரத்திலும் வாவிப் பக்கமும் இருப்பவர்களுக்கு. வலையில் வரும் பேத்தை மீனைக் கரையில் வீசிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு உயிரை எடுக்கக் கூடியது, சமைத்தாலும் அழியாது. கலவன் மீன் வாங்கினால் அதற்குள் பேத்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவியுங்கள். நாயைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் அது எதை முகர்கிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

அவித்தலும் முள்ளெடுத்தலும்

மீனைக் கழுவி, மூழ்குகிற அளவு வெறும் தண்ணீரில் போட்டு, சதை முள்ளை விட்டுக் கழலும்வரை அவிய விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். பச்சை மீன் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பச்சை மீனில் புழு இருக்கலாம். சில மீன்களில் தயமின் என்ற விற்றமினை அழிக்கிற பொருளும் இருக்கிறது. வெந்தால் இரண்டு கவலையும் இல்லை. அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், மா குழைக்க உதவும்.

முள்ளெடுப்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. சூடு ஆறியதும் சதையைப் பெருந்துண்டுகளாகக் கழற்றி ஒரு தட்டில் பரப்புங்கள். நடு முள்ளும் விலா முள்ளும் கண்ணுக்குத் தெரியும், அவற்றை எடுத்துவிடலாம். தெரியாத முள்ளுக்குக் கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். ஒவ்வொரு சிட்டிகையாக எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். சதை மாவாக நசியும், முள் இருந்தால் சுருக்கென்று தட்டும். உருட்டிப் பார்த்த சதையை வேறு தட்டுக்கு மாற்றுங்கள், பார்த்ததும் பாராததும் கலந்துவிடாது. முடிந்ததும் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் மொத்தத்தையும் பிசைந்து பாருங்கள். பெரிய மீனின் வெந்த முள்ளும் கோழி எலும்பும் கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். நாய் மென்று தின்பதைவிட விழுங்குவதுதான் அதிகம் என்பதால் இதில் அவசரம் கூடாது.

மா குழைத்தல்

பூசணிக்காயைத் தோலும் விதையும் நீக்கி, உப்பில்லாமல் அவித்து, தண்ணீரை நன்றாக வடித்து மசியுங்கள். அதோடு மீனையும் முட்டையையும் சேர்த்துக் கலக்குங்கள். பிறகு அரிசி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல் திரண்டு வந்தால் நிறுத்தலாம். தளர்ந்தால் இன்னும் மா, வெடித்தால் மீன் அவித்த தண்ணீர் ஒரு கரண்டி. ரொட்டிக்குக் குழைத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அவித்து, வெட்டி, வாட்டுதல்

வாழையிலையை நெருப்பில் லேசாக வாட்டுங்கள், கிழியாது. அதன் மேல் மாவை வைத்து, உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டுங்கள். நடுவில் தடித்து ஓரம் மெல்லியதாக வந்தால் ஓரம் கருகும், நடு ஈரமாகவே நிற்கும். ஆகவே ஒரே சீராகத் தட்டுங்கள். இலையோடு தூக்கி, இடியப்பம் அவிக்கிற தட்டில் வைத்து மூடி 15 முதல் 20 நிமிடம் அவியுங்கள். ஒரு தடவையில் கொள்ளாவிட்டால் இரண்டாகப் பிரித்துச் செய்யலாம்.

நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும். ஆறிய பிறகு நீளவாக்கில் கீறி, குறுக்கே கீறி, 2 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கள். நூறு துண்டுக்கு மேல் வரும். குட்டிக்கும் சின்ன நாய்க்கும் இதில் கால்வாசி அளவு போதும்.

இனித் தாச்சியை அல்லது மண்சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, குறைந்த நெருப்பில் புரட்டிப் புரட்டி வாட்டுங்கள். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். அரை மணி நேரம் எடுக்கும். முதலில் ஆவி வரும், பிறகு ஆவி நின்று வறுத்த மீன் வாசம் எழும். அப்போது ஒன்றை எடுத்து ஆற வைத்து நகத்தால் அழுத்துங்கள். மெல்லிய தடம் விழுந்தால் சரியான பதம். தடமே விழாமல் கல்லாக இருந்தால் அது கூடிப்போன பதம், கிழ நாய்க்குப் பல் வலிக்கும். பல் விழுந்த நாய்க்கு வாட்டவே வேண்டாம், அவித்த பதத்திலேயே கொடுங்கள். ஓவன் உள்ளவர்கள் 160 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வைக்கலாம்.

வெயிலில் காய வைத்தால் என்ன?

நம் ஊரில் மீன் என்றதும் அடுத்து வருவது கருவாட்டு யோசனைதான். ஆனால் கருவாடு கெடாமல் இருப்பது வெயிலால் மட்டும் இல்லை, உப்பாலும்தான். உப்பில்லாத மீனை முற்றத்தில் போட்டால் காய்வதற்கு முன் ஈ மொய்த்துக் கெட்டுவிடும். உப்புப் போட்டுக் காய வைத்தால் நாய்க்கு ஆகாது. கடைக் கருவாட்டைக் கழுவிக் கொடுப்பதும் சரிவராது, உள்ளே ஊறிய உப்பு ஒரு கழுவலில் போய்விடாது. மீனும் இறைச்சியும் அடுப்போடு நிற்கட்டும்.

வெயிலில் வைக்கலாம் என்றால் வத்தாளைக் கிழங்கை வைக்கலாம். அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, பாதிப் பதத்துக்கு அவித்து, சுளகில் பரப்பி மேலே வலைத்துணி போட்டுவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு மூன்று நாளில் தோல் மாதிரி வளைகிற பதத்துக்கு வரும். நாய் நீண்ட நேரம் கடித்துக்கொண்டிருக்க நல்லது. மாரி காலத்தில் இதை முயல வேண்டாம், பூஞ்சணம்தான் மிஞ்சும்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக

கோழி ஈரலை வெறும் தண்ணீரில், நடுவில் சிவப்புத் தெரியாத அளவுக்கு அவித்து, பயறளவு துண்டாக வெட்டி, தாச்சியில் ஈரம் போக வாட்டுங்கள். சொன்னதைக் கேட்கப் பழக்குவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், கூடினால் எலும்பைப் பாதிக்கும். கிழமையில் ஒரு நாள், இரண்டு நாள், அதுவும் கொஞ்சமாகப் போதும்.

வெக்கை நாளில் சட்டித் தயிரை, சீனியோ பாணியோ சேர்க்காமல், விதை நீக்கிய பப்பாசிப்பழத்தோடு மசித்து ஐஸ் தட்டில் உறைய வைத்துக் கொடுக்கலாம். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம் என்பதால் நாளைக்கு ஒரு சிறு கட்டி. பால் ஒத்துவராத நாய் என்றால் பப்பாசி மட்டும்.

கைபடாமல் வைக்க வேண்டியவை

சொக்லேட், கோப்பி, முந்திரிகைப் பழம் (திராட்சை), கேக்குக்கு வாங்கி வைக்கும் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), ஜாதிக்காய், மதுபானம், ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த பச்சை மா. கச்சான் வறுத்து உப்பில்லாமல் அரைத்துக் கொஞ்சம் கலக்கலாம், பூஞ்சணம் பிடித்த கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. போத்தலில் வரும் கச்சான் பட்டர் என்றால் லேபலை வாசியுங்கள். சைலிட்டோல் அல்லது ஈ967 என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சீனிக்குப் பதிலாகப் போடுகிற அந்தப் பொருள் சின்ன அளவிலேயே நாயின் இரத்தச் சீனியைச் சடாரென்று இறக்கிவிடும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்

ஒரு நாளைக்கு நாய்க்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படியான தின்பண்டத்தில் இருந்து போகக் கூடாது. பத்துக் கிலோ நாய்க்கு இந்த மீன் பிஸ்கட் நாளைக்குப் பத்துத் துண்டு வரை சரி. முதல் நாள் இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டு, மறுநாள் வயிறு இளகுகிறதா, உடம்பைச் சொறிகிறதா என்று பாருங்கள். சிறுநீரக வருத்தம், சீனி வருத்தம் உள்ள நாய் என்றால் செய்வதற்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள்.

ஆறிய துண்டுகளை மூடிய பேணியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள், உறைய வைத்தால் ஒரு மாதம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பாதி அளவு செய்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும் மார்கழி, தை மாதங்களில் மேசையில் வைத்த பேணி ஒரே நாளில் பூத்துவிடும். பூத்ததைத் துடைத்துக் கொடுக்க வேண்டாம், நாய் தோண்டி எடுக்காத இடத்தில் கொட்டுங்கள்.

ஊசிக்குப் பழக்க

இந்தத் துண்டுகளுக்கு நான் மிகவும் விரும்பும் பயன் இதுதான். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை நாய்களுக்கு அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, வருடா வருடம் போட வேண்டியது. ஆனால் ஊசி போட வருகிற அன்று பாதி நாய்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவிடும். ஆகவே இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். கழுத்தில் பட்டியைப் போட்டு ஒரு துண்டு. பட்டியைப் பிடித்து ஒரு துண்டு. பிடரித் தோலை மெதுவாகக் கிள்ளி ஒரு துண்டு. நாய் நெளிந்தால் ஒரு படி பின்னால் போய்த் திரும்பவும் செய்யுங்கள். வீட்டு நாய்க்கு உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கலாம். பழக்கமில்லாத தெரு நாய்க்குத் தரையில் போடுங்கள், வாய்க்குக் கிட்டக் கையைக் கொண்டு போகாதீர்கள். ஊசி நாளில் ஒருவர் பட்டியைப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் இருந்து ஈரல் துண்டைக் காட்டட்டும். மருந்து ஏறி முடிகிறவரை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும்.