கொள்ளுப்பிட்டி ஏன் கிடைக்கவில்லை? தமிழ்த் தேடலைச் சரிசெய்யும் முறை

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்திதான் முதலில் கண்டுபிடித்தார். கொழும்பின் பஸ் தரிப்பிடங்களைத் தேடித் தரும் சிறிய திறந்த மூல நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். அதில் "கொள்ளுப்பிட்டி" என்று தட்டினால் ஒன்றுமே வருவதில்லை என்றார். நானோ ஒவ்வொரு முறையும் "வெள்ளவத்தை" என்று தட்டியே சோதித்துவந்தேன். அது எப்போதும் கிடைத்தது.

தமிழில் தேடல், வரிசைப்படுத்தல், பெயர்ப் பொருத்தம் என்று எதை எழுதத் தொடங்கினாலும் இந்தச் சிக்கல் உங்களையும் தேடி வரும். பைதானில் நான் தீர்த்த முறையைச் சொல்கிறேன். பைதானை நிறுவிவிட்டீர்கள், ஒரு பட்டியலில் சொல்லைத் தேடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கிடைப்பதையும் கிடைக்காததையும் தாளில் எழுதுங்கள்

நிரலைத் திறக்கும் முன் பேனாவை எடுங்கள். கிடைத்தவை: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, மருதானை. கிடைக்காதவை: கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, பொரளை, புறக்கோட்டை. 100 ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே போகிறவருக்குப் பாதித் தரிப்பிடங்கள் காணாமல் போயிருந்தன. இரண்டாம் பட்டியலை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயரிலும் ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ இருக்கிறது. முதல் பட்டியலில் ஒன்றில்கூட இல்லை.

படி 2: எழுத்துகளை எண்ணாகப் பாருங்கள்

கண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் யூனிகோட் என்ற பொதுத் தரம் ஓர் எண் தந்திருக்கிறது. அந்த எண்ணைக் காட்டுவது பைதானின் ஓர்ட் (ord). "கொழும்பு" என்ற சொல்லை அதனிடம் ஒவ்வொரு குறியாகக் கொடுங்கள். இதற்கென்று இணையத்தில் பல கருவிகள் இருக்கின்றன; நான் பைதானின் ஊடாடும் திரையையே விரும்புகிறேன். ஒட்டும்போதே எழுத்தை மாற்றிவிடும் இணையக் கருவியில் உண்மை தெரியாது.

கைப்பேசியில் தட்டிய "கொழும்பு" எனக்கு 8 குறிகளாக வந்தது. க 2965, அடுத்து ஒகரக் குறி 3018. என் பட்டியலில் இருந்த "கொழும்பு" 9 குறிகள். அதில் க 2965, எகரக் குறியான கொம்பு 3014, கால் 3006. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடுகூட இல்லை. நாம் வாசிக்கும் எழுத்துகளோ கொ, ழு, ம், பு என நான்குதான். அந்த நான்கை எண்ண வேண்டுமானால் ஓபன் தமிழ் என்ற கட்டற்ற நூலகம் உதவும். குறிகளை மட்டும் எண்ணும் பைதானின் லென் (len) அதைச் சொல்லாது.

என் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணத்திலிருந்து வந்தது. பாமினியில் கொம்பை முதலில், ககரத்தை அடுத்து, காலைக் கடைசியில் தட்டுவோம். அதை யூனிகோடாக்க நான் பயன்படுத்திய மாற்றி, கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, கொம்பையும் காலையும் ஒன்றாக இணைக்காமல் விட்டுவிட்டது. இலங்கையின் பழைய தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் இதை முதலில் சந்தேகியுங்கள்.

படி 3: ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த இரண்டு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோட் தரமே சொல்கிறது. ஒன்றாக்குவதற்குப் பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியில் நார்மலைஸ் (normalize) என்ற செயற்கூறு உண்டு. அதற்கு, பிரிந்த குறிகளை இணைத்து எழுதும் என்எஃப்சி (NFC) என்ற வடிவத்தின் பெயரையும் உங்கள் சொல்லையும் கொடுத்தால் 9 குறிகள் 8 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 பதிப்பிலிருந்தும், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 13 ஆம் பதிப்பிலிருந்தும் இதே வசதி இருக்கிறது.

சேமிக்கும்போது ஒரு முறை, தேடும் சொல் உள்ளே வரும்போது ஒரு முறை, இரண்டு வாசலிலும் இதைச் செய்யுங்கள். ஒரு வாசலில் மட்டும் செய்தால் சிக்கல் இடம் மாறுமே தவிரத் தீராது.

ஏற்கெனவே சேமித்தவற்றை மாற்றும் முன் தரவுத்தளத்துக்குக் கட்டாயம் ஒரு நகல் எடுங்கள். இதுவரை இரண்டு தனிப் பெயர்களாகக் கிடந்த இரு "பொரளை"களும் இப்போது ஒன்றாகிவிடும். பெயர் திரும்ப வரக்கூடாது என்று விதி வைத்திருந்தால் மாற்றம் பாதி வழியில் நின்றுவிடும்.

படி 4: என்னை இரண்டு நாள் நிறுத்திவைத்த ஔகாரம்

படி 3 முடிந்த பிறகும் "பௌத்தாலோக மாவத்தை" கிடைக்கவில்லை. பட்டியலில் பார்த்தால் ப, எகரக் குறி, அடுத்து ளகரம். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் 'ள' என்ற முழு எழுத்தையும் போட்டிருக்கிறார். ளகரத்தின் எண் 2995; ஔகாரத்தின் வலப்பகுதிக்கு யூனிகோட் தந்திருக்கும் எண் 3031. உருவம் ஒன்றுதான், எழுத்து வேறு. ஆகவே என்எஃப்சி அதைத் தொடாது, தொடவும் கூடாது.

எகரக் குறியும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு வரி எழுதினேன். பௌத்தாலோக மாவத்தை உடனே கிடைத்தது. மகிழ்ச்சியோடு மாற்றத்தைக் கமிட் செய்து, அதாவது பதிந்துவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வெள்ளவத்தை இல்லை! அதிலும் எகரக் குறியை அடுத்து ளகரம்தானே வருகிறது? அதை ஔகாரமாக்கியதில், ளகரத்தின் மேல் இருந்த புள்ளி பற்ற இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கியது.

ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தினேன். வெள்ளவத்தையும் "வெளி" போன்ற சொற்களும் தப்பின. ஆனாலும் அந்த விதி தானாக எதையும் மாற்ற நான் விடவில்லை. சந்தேகமான பெயர்களை வரிசையாக அச்சிட்டுக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. மாற்றுவது நான், கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாக. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இருக்கும் பட்டியலில் எழுத்துத் திருத்தத்தை இயந்திரத்திடம் முழுதாக ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் சோதனைத் தொகுப்பின் முதல் வரியில் இப்போது வெள்ளவத்தை இருக்கிறது, இரண்டாவதில் கொள்ளுப்பிட்டி, மூன்றாவதில் பௌத்தாலோக மாவத்தை. உங்கள் நிரலிலும் இந்த மூன்று வகைக்கும் ஒவ்வொரு சொல் வையுங்கள்.

பின்சேர்க்கை 1

எல்லாம் செய்தும் "மருதானை" கிடைக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். அவர் அனுப்பிய சொல்லை ஓர்ட்டிடம் கொடுத்தேன். கடைசியில் 8203 என்ற எண், அதாவது அகலமே இல்லாத ஓர் இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தபோது ஒட்டிக்கொண்டது. சொல்லின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் பைதானின் ஸ்ட்ரிப் (strip) இதை இடைவெளியாகக் கருதாது, என்எஃப்சியும் நீக்காது. 8203, 8204 இரண்டையும் தேடும் சொல்லிலிருந்து நீங்களே எடுத்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை 2

"ஸ்ரீ ஜயவர்தனபுர" பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்ரீயை ஸகரத்திலும் தொடங்கலாம், ஶகரத்திலும் தொடங்கலாம். ஶ என்ற எழுத்து 2005 இல் யூனிகோட் 4.1 உடன் வந்தது; அதற்கு முன் தட்டியவை எல்லாம் ஸகரத்தில்தான் இருக்கும். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவத்தில் வரைகின்றன. இங்கேயும் என்எஃப்சி உதவாது. திரையில் காட்டும் பெயரை அப்படியே விட்டுவிட்டு, தேடலுக்கென்று ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஒரு நகல் சேமித்து, அதில் மட்டும் ஶ்ரீ எல்லாவற்றையும் ஸ்ரீ ஆக்கினேன். தேடும் சொல்லுக்கும் அதே மாற்றம். நேற்று வெளியிட்ட பதிப்பில் இது சேர்ந்திருக்கிறது. இன்னும் கிடைக்காத தரிப்பிடம் ஏதும் இருந்தால், பெயரைத் தட்டி அனுப்பாமல், நீங்கள் தேடிய அதே சொல்லை நகலெடுத்து அனுப்புங்கள். அதற்குள் இருக்கும் எண்களைத்தான் நான் பார்க்க வேண்டும்.