மலைப்பாதையிலிருந்து ரேஸ் டிராக்குக்கு: நீலகிரிப் பெண்களை டிராக் டேக்கு அழைத்துப் போவது எப்படி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தினமும் கார் ஓட்டும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. மூடுபனியில் எதிரே பஸ் வருகிறதா என்று காதாலேயே கணிப்பவர்கள், கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் பிரேக் சூடாகாமல் இறக்குபவர்கள் அவர்கள். இதே பெண்களைக் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டேக்குக் கூப்பிட்டால் வரும் பதில், "அதெல்லாம் பையன்களுக்கு." ஓட்டத் தெரியாததால் வருகிற தயக்கம் இல்லை இது. அழைக்கும் விதம், சீட்டின் உயரம், ஹெல்மெட்டின் அளவு, பக்கத்து சீட்டில் யார் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் தடுக்கின்றன. ஒவ்வொன்றையும் சரிசெய்ய முடியும்.

முதலில் டிராக் டே என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரேஸ் இல்லை, பரிசு இல்லை. சொந்தக் காரில், எதிரே வண்டி வராத மூடிய பாதையில், 15 முதல் 20 நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வருவது. இப்படி ஒரு நாளில் நான்கைந்து முறை. போட்டியில் இறங்கினால்தான் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசன்ஸ் வேண்டும். பொழுதுபோக்கு ஓட்டத்துக்குப் பொதுவாகச் சாதாரண டிரைவிங் லைசன்ஸ் போதும். "உடம்பு தாங்காது" என்று யாராவது ஆரம்பித்தால், 1975-இல் ஸ்பெயின் ஃபார்முலா 1 பந்தயத்தில் புள்ளி எடுத்த லெல்லா லொம்பார்டியைச் சொல்லலாம். நம் சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ரேஸ் ஓட்டியவர்.

யாரை, எப்படி அழைப்பது

"லேடீஸ் ஸ்பெஷல்", ரோஸ் கலர் போஸ்டர், பெண்களுக்கு இலவசம் என்று போட்டால் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். "மலையில் ஐந்து வருடம் ஓட்டியவரா? அப்படியென்றால் உங்களுக்குத்தான்" என்று எழுதுங்கள். நேரில் கூப்பிடுவது அதைவிட நல்லது. விடிகாலை ஷிஃப்டுக்கு ஓட்டிப்போகும் நர்ஸ், எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஹோம்ஸ்டே நடத்தி வாரம் இருமுறை மேட்டுப்பாளையம் இறங்கிச் சாமான் ஏற்றுபவர் ஆகியோரைத் தேடிப்போய்க் கேளுங்கள். ஒருவரைத் தனியாக அழைத்தால் வரமாட்டார். இரண்டு கார், நான்கு பேர் என்று அழைத்தால் வருவார்.

காரின் ஆர்சி பெரும்பாலும் அப்பா பேரிலோ கணவர் பேரிலோ இருக்கும். அந்தப் பேச்சை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். நம் ஊர்த் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. டிராக்கில் பம்பர் போனால் கைக்காசுதான். இதை மறைத்து அழைத்து வந்தால் அந்தப் பெண் மறுமுறை வருவதற்கு வீட்டில் வழியே இருக்காது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அழைப்பவரே கேட்டு ஏற்பாடு செய்யலாம். வருவதும் வராததும் பாதி இதில்தான் முடிவாகிறது.

டிராக்கில் பதிவு செய்யும்போது ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் இருப்பார்களா, வண்டி நின்றுவிட்டால் இழுத்துவர ஏற்பாடு உண்டா, எத்தனை பயிற்சியாளர்கள், பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா, வாடகை ஹெல்மெட் என்னென்ன அளவில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை. வாடகை ஹெல்மெட்டில் பெரிய அளவுகளே அதிகம் இருக்கும். தலையில் ஆடும் ஹெல்மெட், மோதலில் உதவாது.

மலைக்காரர்களுக்கு டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல மாதங்கள். ஏப்ரல், மே வேண்டாம். 15 டிகிரியில் பழகிய உடம்பை 37 டிகிரியில் ஹெல்மெட்டோடு உட்காரவைத்தால் மதியத்துக்குள் தலைசுற்றும். முந்தின நாள் மாலையே இறங்கிக் கோவையில் தங்கிவிடுங்கள். ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்த களைப்போடு முதல் செஷனுக்குப் போவது சரியில்லை.

உடை, ஹெல்மெட், சீட்

முழுக்கை பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், அடிப்பாகம் மெல்லிய கேன்வாஸ் ஷூ. நைலான், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும், வேண்டாம். துப்பட்டா, தொங்கும் கம்மல், வளையல் எல்லாம் பையிலேயே இருக்கட்டும். ஸ்போர்ட்ஸ் பிரா போடுவது நல்லது. கம்பி வைத்தது பெல்ட் அழுத்தும் இடத்தில் குத்தும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த முறை பார்வையாளராக வரட்டும்.

கொண்டை போட்டால் ஹெல்மெட் முழுதாக இறங்காது. பிடரிக்குக் கீழே தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டு, சட்டைக்குள் விடுங்கள். தலையில் கிளிப், ஹேர்பின் இருக்கக் கூடாது. புருவத்துக்கு மேலே சுற்றி டேப்பால் அளந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் 55-56 செ.மீ. ஸ்மால், 57-58 மீடியம். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், ஐஎஸ்ஐ முத்திரையோடு. பட்டையைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் ஓர் அளவு குறையுங்கள்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது சீட்டுக்குத்தான். வீட்டுக் கார் உயரமான ஒருவருக்காகச் சரிசெய்து வைத்ததாக இருக்கும். அதை ஓட்டும் பெண் இடுப்பை முன்னுக்கு நகர்த்திக் கிளட்சை எட்டிப் பிடிப்பார். மலையில் இது ஓடிவிடும். டிராக்கில் முழு பிரேக் அழுத்தும்போது உடம்பு முன்னே வழுக்கி, கை ஸ்டீரிங்கைத் தாங்குகோலாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் திருப்ப முடியாது.

சரிசெய்யும் வரிசை இது. இடுப்பு சீட்டின் மூலையில் ஒட்ட உட்காருங்கள். கிளட்சை அடிவரை அழுத்தினாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே கொண்டுவாருங்கள். பிறகு உயரம்: பானெட் தெரிய வேண்டும், ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் ஒரு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். அடுத்து சாய்மானம்: தோள் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். உயரத்துக்காகத் தலையணை, பஞ்சு குஷன் வைக்காதீர்கள். பிரேக்கில் அது நசுங்கி இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தும். பெல்ட் வயிற்றின் மேல் போகாமல் இடுப்பெலும்பின் மேல் போகட்டும். தோள் மேல் வரும் பெல்ட் கழுத்தை அறுத்தால் கதவுத்தூணில் உள்ள கொக்கியை இறக்குங்கள்.

மலையில் பழகியதில் எதை விடுவது

பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் இறங்குவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது இரண்டும் அப்படியே இருக்கட்டும். சமவெளியில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே அரை நாள் போகும்.

விட வேண்டியதில் முதலாவது இடது ஓரம். மலைப்பாதையில் வலது வளைவில் நடுக்கோட்டைத் தாண்டினால் உயிர் போகும், அதனால் கை தானாகவே இடது விளிம்பில் நிற்கும். டிராக்கில் முழு அகலமும் உங்களுடையது. வலது வளைவுக்கு இடது விளிம்பிலிருந்து நுழைந்து, உள்பக்க வலது கெர்பை, அதாவது ஓரக்கட்டையைத் தொட்டு, மீண்டும் இடது விளிம்புக்கு விரிய வேண்டும். முதல் நாளில் இடது வளைவுகள் சீக்கிரம் கைவரும். வலது வளைவுகளில் எல்லோரும் உள்விளிம்புக்கு ஒரு கார் அகலம் தள்ளியே போவார்கள். இது பயத்தால் வருவது இல்லை, நல்ல பழக்கத்தால் வருவது. பயிற்சியாளருக்கு இதை முன்னமே சொல்லிவையுங்கள். உள்விளிம்பில் ஒரு கூம்பு வைத்து, மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டரில் பத்து முறை போய்வந்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, பிரேக்கை முழுதாக மிதிக்காத கால். பல வருடம் ஓட்டியவர்களில் பலர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் துடிப்பைக் காலில் உணர்ந்ததே இல்லை. துடிப்பு வந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். ஊரிலேயே அனுமதி வாங்கி ஒரு பெரிய மைதானத்தில் பழகலாம்: நேர்க்கோட்டில் 40, பிறகு 50 கிலோமீட்டரில் வந்து, கூம்பைத் தாண்டியதும் முழுபலத்தோடு மிதித்து வண்டி நிற்கும்வரை காலை எடுக்காமல் இருப்பது. ஆளுக்கு ஐந்து முறை. பொது மலைப்பாதையில் இதில் எதையும் பழகக் கூடாது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதுதான் அங்கே சட்டம்.

மூன்றாவது, கிளட்ச் மேலேயே கிடக்கும் இடது கால். ஊட்டி ஏற்ற டிராஃபிக்கில் பாதி கிளட்சில் நிறுத்திப் பழகிய கால் அது. டிராக்கில் அது கிளட்சைத் தீய்க்கும். கியர் மாற்றியதும் ஓரத்து மிதிபலகைக்குப் போய்விட வேண்டும்.

நான்காவது, ஹேண்ட்பிரேக். வண்டி நின்றால் இழுப்பது மலையில் கட்டாயம். சூடாக டிராக்கிலிருந்து வந்த காரில் இழுத்தால், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிப் படிந்து, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் அதிரும், டிரம்மும் பிடித்துக்கொள்ளலாம். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

காரைத் தயார்செய்வது

பிரேக் ஆயில்தான் தலையானது. அது ஈரத்தை உறிஞ்சும். நீலகிரி மூடுபனியில் அதற்குக் குறைவில்லை. டாட் 4 தரம் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி போதும். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகிப் பெடல் தரைக்குப் போகும். ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஆயிலை, போவதற்கு முந்தின வாரம் முழுதாக மாற்றுங்கள். டாட் 4 கேட்கும் காரில் டாட் 5.1 ஊற்றலாம், டாட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிகோன், மற்றதோடு சேராது. முன்பக்க பேட் 6 மி.மீ.க்குக் குறைந்தால் புதிது போடுங்கள். ஓடும்போது பெடல் கடினமாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஆயில். இரண்டுக்கும் உடனே வெளியே வருவதுதான் வழி.

அடுத்து காற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 410 மீட்டர் அளவு. ஊட்டி பங்கில் 32 பிஎஸ்ஐ வைத்து இறங்கினால், வெப்பம் ஒன்றாகவே இருந்தால் கோவையில் சுமார் 3 குறைவாகக் காட்டும். வெயில் ஏறினால் அதே அளவு கூடும். ஆகையால் மேலே வைத்த காற்றை நம்பாமல், டிராக்கில் காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்து, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். செஷன் முடிந்து வரும்போது 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும், அது இயல்பு. மிக அதிகம் ஏறிச் சற்று இறக்கினீர்கள் என்றால், வீட்டுக்குக் கிளம்புமுன் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் கார் கீழே வந்ததும் வேறு வண்டி மாதிரி இழுக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதே காரணம். ஆக்சிலரேட்டரில் பழகிய அழுத்தத்துக்கு அதிக வேகம் கிடைக்கும். முதல் செஷனில் இதை எதிர்பார்த்திருங்கள்.

மிதியடி, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி அறையில் உருளும் ஜாக்கி, டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாம் வெளியே. வீல் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள். டேங்க் பாதியாவது இருக்கட்டும். குறைந்தால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் திக்கும். ஒரே காரை இருவர் ஓட்டினால் ஒரு செஷன் விட்டு ஒரு செஷன்தான். அடுத்தடுத்து ஓட்டினால் பிரேக்கும் இன்ஜினும் ஆற நேரமே இருக்காது.

அன்றைய நாள்

காலை விளக்கக் கூட்டத்தில் கொடிகள் சொல்லப்படும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நின்றது, மெதுவாக, வண்டிகள் நிறுத்தும் இடமான பிட்டுக்கு வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார். கறுப்பு உங்களைக் குறித்துக் காட்டினால் உள்ளே வாருங்கள். நேர்ப்பகுதியில் மட்டுமே முந்தலாம், முன்னே போகிறவர் கையோ இண்டிகேட்டரோ காட்டிய பிறகு. முதல் செஷன் பெண்கள் மட்டும் என்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து கலந்தே ஓட்டட்டும். நாள் முழுக்கப் பிரித்து வைத்தால் அடுத்த முறை கலக்கவே மாட்டார்கள்.

பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் மட்டும். கணவர், அண்ணன், மாமா யாரும் கிடையாது. "பிரேக், பிரேக்" என்று ஒரு குரலும், "இன்னும் போ" என்று இன்னொரு குரலும் கேட்டால் எந்தக் காலும் தடுமாறும். வீட்டார் வரட்டும், பிட் சுவருக்கு அப்பால் நின்று பார்க்கட்டும். லேப் டைம் முதல் நாள் எடுக்க வேண்டாம். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், நேரம் பார்க்க ஆரம்பித்தால் பார்வை டாஷ்போர்டுக்குப் போய்விடும், வளைவின் வெளிவாசலைப் பார்க்காது. மலையில் பத்து மீட்டர் முன்னே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தூரப்பார்வைதான் பெரிய பாடம்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. மதியம் தயிர்சாதம் போல லேசான சாப்பாடு. பிரியாணி திரும்பும் வழியில். சானிட்டரி பேட் ஒரு பொதுப் பையில் இருக்கட்டும். கைநடுக்கமும் ஒரே வளைவில் இரண்டுமுறை தவறுவதும் களைப்பின் அடையாளம். கட்டிய காசைப் பார்க்காமல் அந்த செஷனை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது

முழுதாக ஆறிய பிறகு பேட்டின் கனத்தையும் டயர் தோளையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதால் பிரேக் தேய்ந்திருப்பது அன்று தெரியாது, ஏற்றத்தில் வண்டி நன்றாகவே இருக்கும். சிக்கல் அடுத்த முறை இறங்கும்போது, பர்லியாறு வளைவுகளில் வரும். பெடல் முன்பைவிடக் கீழே போனாலோ, சற்று மென்மையாகத் தோன்றினாலோ, இறங்குவதற்குமுன் மெக்கானிக்கிடம் காட்டி பிரேக் லைனில் காற்றெடுத்து, ஆயிலை மாற்றிவிடுங்கள். கீழேயிருந்து உங்களோடு மேலே வரும் தோழிகளின் வண்டிக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம்.