பெருநாடியில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது? எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் விதம்

புதுச்சேரியில் ஸ்கேன் அறையில்தான் எனக்கு வேலை. "மருந்து ஊசிகூட இல்லாமல் ரத்த ஓட்டத்தை எப்படி சார் அளக்கிறீங்க?" என்று புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

முதலில் ஆளைத் தயார் செய்யுங்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் செயின், மோதிரம் எல்லாம் கழற்றியாச்சு என்றார். வேட்டிக்குள் வெள்ளி அரைஞாண் கிடந்தது. கேட்காமல் உள்ளே அனுப்பாதீர்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்த வியர்வையில் ஈசிஜி ஒட்டு நிற்காது. துடைத்து, முடியை மழித்து ஒட்டுங்கள். ஈசிஜியில் உயரமாக எழும் முள்ளான ஆர் அலை தெளிவாக எழவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் மட்டத்தில் ஏறு பெருநாடியை (இதயத்திலிருந்து மேலேறும் பகுதி) குறுக்காக வெட்டும்படி படமெடுக்கும் தளத்தை வையுங்கள். இரண்டு கோணங்களிலும் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாகத் தெரிந்தால் சரி. முட்டை வடிவம் என்றால் பெரும்பாலும் தளம் சாய்ந்திருக்கும்.

அடுத்தது வென்க். அதாவது அளக்கக்கூடிய உச்ச வேகம். ஓடும் ரத்தத்தின் சிக்னலில் வேகத்துக்கு ஏற்ற கட்ட மாற்றம் (ஃபேஸ், அதாவது சிக்னல் அலை தன் சுழற்சியில் நகரும் கோணம்) ஏறும். 180 டிகிரியைத் தொடும் வேகம்தான் வென்க். அதைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகும். 100 செ.மீ. வைத்து ரத்தம் நொடிக்கு 120-ல் ஓடினால், 80-ல் பின்னோக்கி ஓடுவதாகக் காட்டும். வெள்ளை வட்டத்தின் நடுவே கரும்புள்ளி விழும். பயந்துபோய் வென்க்கை ரொம்ப ஏற்றினால் அளவீட்டில் இரைச்சல் கூடும். சாதாரணப் பெருநாடிக்கு 150 போதும். நான் ஒருமுறை எக்கோ ரிப்போர்ட்டைப் பார்க்காமல், வால்வு சுருங்கி ரத்தம் வேகமாகப் பாய்ந்தவருக்கும் அதே 150-ஐ வைத்துவிட்டேன். மறுநாள் அவரைத் திரும்ப வரவழைத்தபோது முகம் கொடுக்க முடியவில்லை. எக்கோவில் வந்த வேகத்தைவிடக் கால்பங்கு கூட்டி வையுங்கள்.

மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி எடுங்கள். அப்புறம் ஒரு துடிப்புக்குள் அடுத்தடுத்து எடுத்த ஒவ்வொரு படத்திலும் குழாயின் விளிம்பை வரைய வேண்டும். அது அசைந்துகொண்டே இருக்கும், ஒரே வட்டத்தை ஒட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சராசரி வேகத்தைப் பரப்பால் பெருக்கி, துடிப்பு முழுக்கக் கூட்டினால் ஒரு துடிப்பின் அளவு கிடைக்கும். 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர், நம்பலாம்.

கடைசியாக, பக்கத்தில் அசையாத நெஞ்சுத் தசையில் வேகம் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். நொடிக்கு 1 செ.மீ. பிசகினாலும், 7 சதுர செ.மீ. பெருநாடியில் துடிப்புக்கு ஏறக்குறைய 6 மில்லி தப்பாகும். அப்படி வந்தால் ஜெல் பாட்டிலை அதே இடத்தில் வைத்து, அதே அமைப்பில் ஓட்டி, வருவதைக் கழித்துவிடுங்கள்.