வெள்ளி வாங்குமுன் சிங்கத்தைத் தேடுங்கள்

டர்பனில் பழைய வீட்டுச் சாமான் ஏலத்துக்குப் போனால் என் கைப்பையில் பூதக்கண்ணாடி கட்டாயம் இருக்கும். முதல் தடவை அது இல்லாமல் போய், பளபளத்த டீ பாட்டை வெள்ளி என்று நம்பி வாங்கிவிட்டேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால் அடியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தது. வெறும் முலாம்! இப்போது அதில் துளசி வளர்கிறது.

ஏலத்துக்கு முன்பு பொருட்களைப் பார்வைக்கு வைக்கும் நாளிலேயே போய்விடுங்கள். பொருளைக் கவிழ்த்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்க முத்திரையைத் தேடுங்கள். அது இங்கிலாந்தில் சோதித்த வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. பக்கத்தில் நங்கூரம் என்றால் சோதித்த ஊர் பர்மிங்காம். சிறுத்தைத் தலை என்றால் பெரும்பாலும் லண்டன். ராஜா, ராணி தலையும் இருந்தால் அநேகமாக 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. வரி கட்டியதற்கான அடையாளம் அது. ஆண்டைச் சொல்லும் எழுத்து ஊருக்கு ஊர் மாறும், அட்டவணை இல்லாமல் ஊகிக்காதீர்கள்.

அப்புறம், கைப்பிடியும் விளிம்பும் தேய்ந்த இடத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் முலாம்தான். மெழுகுவர்த்தித் தண்டு கனக்கிறதே என்று மயங்க வேண்டாம், பலவற்றின் உள்ளே இருப்பது தார் மாதிரியான கீல்.

ஏல விலையோடு கமிஷனும், அந்தக் கமிஷனுக்கு 15 சதவீத ‘வாட்’ வரியும் சேரும். அதையும் கூட்டி, என் உச்ச விலையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டுதான் கையைத் தூக்குவேன்.