இடுப்பில் செயின்சா தொங்கும்போது: மரம் ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்தால் திருநெல்வேலிச் சீமையில் கொப்பு கழிக்கிற வேலை கூடிவிடும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஓட்டின் மேல் சாய்ந்த வேப்பங்கொப்பையும் புளியங்கொப்பையும் இறக்கியாக வேண்டும். பனையேறிகள் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிய ஊர் என்பதால், செயின்சாவையும் ஒரு கயிற்றில் முடிந்து அப்படியே மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அருவாள் பெட்டிக்குள் அடங்கி இருக்கும். மிஷின் வெளியே தொங்கும், சூடாகும், வெட்டில் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அதனால் அதை மாட்டும் முறையே வேறு.

முதல் தவறு தரையிலேயே நடந்துவிடுகிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 58 சிசி மிஷின், பெட்ரோலும் ஆயிலும் நிரப்பி, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் போட்டால் 7 கிலோவை நெருங்கும். அது தரையில் நின்று அறுப்பதற்கானது, பெல்ட்டில் மாட்ட அதில் வளையம் இல்லை. மரத்தின் மேல் வேலை செய்யவென்றே மேல்கைப்பிடி வைத்த சிறிய மிஷின்கள் வருகின்றன. 12 அல்லது 14 இஞ்ச் பாரோடு, எல்லாம் நிரப்பி 4 முதல் 5 கிலோ இருக்கும். பின்பக்கம் மாட்டுவதற்கு வளையமும் இருக்கும். அந்த வளையத்தில் மாட்டினால் பார் தரையைப் பார்த்து நேராகத் தொங்கும். கைப்பிடியில் கயிற்றைச் சுற்றிக் கட்டினால் மிஷின் படுக்கைவாட்டில் கிடக்கும், செயின் தொடைக்கோ ஏறுகயிற்றுக்கோ திரும்பிவிடும்.

அடுத்தது பெல்ட். கட்டட வேலைக்கு விற்கும் சேஃப்டி பெல்ட்டில் முதுகு உயரத்தில் ஒரு வளையம் இருக்கும். அது விழும் ஆளைப் பிடித்து நிறுத்துவதற்கு. அதில் மிஷினை மாட்டக் கூடாது. மரம் ஏறும் பெல்ட்டிலும் இதே விதிதான். முன்னால் ஏறுகயிறு கோக்கும் இடமும், மரத்தைச் சுற்றி வரும் இடுப்புக்கயிற்றுக்கான இரண்டு பக்க வளையங்களும் ஆளின் உயிரைத் தாங்குபவை. மிஷின் அவற்றோடு சேரவே கூடாது. மிஷினுக்கு என்று பெல்ட் தயாரித்தவர் குறித்திருக்கும் இடம் பின்னிடுப்பின் நடுவிலோ பக்கவாட்டிலோ இருக்கும். பின்னிடுப்பின் நடு இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. பாரம் முதுகெலும்பின் நேராக இறங்கும், ஒரு பக்கம் இழுக்காது, முன்னால் இருக்கும் கயிறுகளோடும் பின்னாது. கைரம்பம் மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கியில் செயின்சாவைத் தொங்கவிட்டால், திடீரென்று வரும் ஒரு இழுப்பில் கொக்கி முறிந்து மிஷின் கீழே போய்விடும்.

பெல்ட்டுக்கும் மிஷினுக்கும் நடுவில் வரும் பட்டைதான் இதில் அதிகம் கவனிக்க வேண்டியது. இங்கே நைலான் கயிறோ கொச்சக்கயிறோ போட்டு இறுக முடிந்துவிடுகிறார்கள். அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். ஆனால் ஒரு கட்டத்தில் அது அறுபட்டே ஆக வேண்டும். தலைக்கொப்பை வெட்டும்போது அது முறிந்து சாய்கிற நேரத்தில் பார் வெட்டுக்குள் கவ்விக்கொள்ளும். பல நூறு கிலோ எடையுள்ள கொப்பு மிஷினோடு கீழே போகும், மிஷின் ஆளை இழுக்கும். அதனால் செயின்சாவுக்கென்று விற்கும் பட்டையில், குறிப்பிட்ட இழுவிசை வந்தால் கிழிந்து பிரியும்படி ஒரு தையல் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிரிகிற தையலைச் சுற்றி "பலத்துக்கு" இன்னொரு கயிறு கட்டினால் பட்டை வாங்கியதே வீண்.

இன்னொரு பழக்கம், அறுத்து முடித்ததும் மிஷினைக் கைவிட்டு விழவிடுவது. 5 கிலோ மிஷின் 1 மீட்டர் விழுந்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், இடுப்பை இழுக்கும் சராசரி விசை 50 கிலோவைத் தாண்டும். பிரிகிற தையலும் அந்த அடியில் போகலாம். கையால் பிடித்து மெல்ல இறக்கி விட வேண்டும். பட்டையின் நீளம், கையை முழுக்க நீட்டி அறுத்தாலும் இழுக்காத அளவு போதும். அதற்கு மேல் நீண்டால் கீழ்க்கொப்புகளில் மாட்டும்.

பட்டையில் இரண்டு இடத்தில் மாட்டும் வசதி இருக்க வேண்டும்: அறுக்கும்போது முழு நீளம், ஏறி நகரும்போது பெல்ட்டை ஒட்டிக் குட்டையாக. குட்டையாக மாட்டுமுன் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். செயினை ஓடாமல் நிறுத்தும் செயின் பிரேக் மட்டும் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அடுத்த கொப்புக்குத் தாவுவது பெரிய ஆபத்து. நீளமாகத் தொங்கவிடும்போதும் பிரேக் போட்டு, செயின் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும். ஒரு கொக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, புதிய இடத்தில் மாட்டிய பிறகுதான் பழையதைக் கழற்றலாம்.

சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாலிபுரொப்பிலீன் கயிறு சுமார் 160 டிகிரியிலும், நைலான் 220 டிகிரியை ஒட்டியும் உருகும். அறுத்து முடித்த மிஷினின் சைலன்சர் இவற்றை எளிதாகத் தாண்டும். சைலன்சர் உள்ள பக்கம் கயிற்றையும் தொடையையும் விட்டு விலகித் தொங்கும்படி மாட்டுங்கள். பட்டையில் உருகிப் பளபளத்த இடமோ, தையல் பிரிந்த இடமோ தெரிந்தால் அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

மிஷினை மேலே அனுப்புவது கீழே நிற்பவர் வேலை. அவரே பெட்ரோல், ஆயில் ஊற்றி, ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிரேக் போட்டு, பாருக்கு உறை மாட்டி வடத்தில் கட்டுவார். மேலே இருப்பவர் முதலில் தன் பட்டையில் மாட்டிய பிறகே வடத்தை அவிழ்க்க வேண்டும். மிஷின் ஓடும் நேரமெல்லாம் ஏறுகயிறு, இடுப்புக்கயிறு என இரண்டும் மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி உள்ள இடுப்புக்கயிறு என்றாலும் செயின் பட்டால் தாங்கும் என்று நம்பக் கூடாது.

பார் வெட்டில் கவ்விவிட்டால், மிதித்து ஆட்டிப் பிடுங்காதீர்கள். எஞ்சினை அணைத்து, வெட்டுக்கு உள்பக்கம், அதாவது அடிமரத்தின் பக்கம், கொப்போடு மிஷினைத் தனிக்கயிற்றில் கட்டுங்கள். கொப்பைத் தூக்கிக்கொடுத்தால் பெரும்பாலும் பார் வந்துவிடும். வரவில்லை என்றால் கைரம்பத்தாலோ வேறு மிஷினாலோ, சிக்கிய இடத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, கொப்பின் நுனிப்பக்கம் வெட்ட வேண்டும். அடிப்பக்கம் வெட்டினால் சிக்கிய மிஷினும் கொப்போடு சேர்ந்து கீழே போகும்.