பழைய எம்ஜிபி காரின் ஃபேனுக்குத் தனி சுவிட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் ஃபேனும் சுற்றும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவையில்லை. நெரிசலில் நிற்கும்போதுதான் தேவை. எஞ்சின் ஐடிலில் இருப்பதால் அப்போது பார்த்து ஃபேனும் சோம்பிச் சுற்றும். 1970-களின் பிற்பகுதியில் கம்பெனியே எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாறியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருந்தால் நல்லது என்று தோன்றும். நல்ல யோசனைதான். முன்னால் வரிசையாக பிரேக் லைட் தெரியும்போதே ஃபேனைப் போட்டுவிடலாம், சூடு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

வேலை ஒரு மதியத்தில் முடியக்கூடியது. ஆனால் இந்தக் கார்களில் வயர் உருகிப்போன கதைகளைக் கேட்டால், ஆலையிலிருந்து வந்த வயரைவிடப் பிறகு வந்தவர்கள் சேர்த்த வயர்தான் பெரும்பாலும் குற்றவாளி. இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்துகொடுத்த லூக்காஸ் கம்பெனியைக் கேலி செய்வது பிரிட்டனில் பழைய பொழுதுபோக்கு. அதில் பாதிப் பழி அநியாயம் என்பது என் கட்சி.

முதல் தவறு, ஃபேனின் முழு கரண்டையும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக இழுப்பது. பேட்டரியிலிருந்து ஒரு வயர், சுவிட்ச், அங்கிருந்து ஃபேன். பார்க்க எளிமை. ஆனால் 12 அங்குல ஃபேன் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. கடையில் கிடைக்கும் அழகான சின்ன டாகிள் சுவிட்ச் அதற்கெல்லாம் செய்யப்பட்டதல்ல. உள்ளே காண்டாக்ட் கருகி, பிளாஸ்டிக் இளகி, ஒருநாள் போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வயரிலும் நஷ்டம் உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் எஞ்சின் பக்கத்திலிருந்து டாஷ்போர்டுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 4 மீட்டர் என்று வையுங்கள். 10 ஆம்பியரில் அந்த வயரிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். ஒவ்வொரு இணைப்பிலும் இன்னும் கொஞ்சம். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று குறையும்.

இதற்குத்தான் ரிலே, அதாவது சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின் சுவிட்ச். அதை இயக்கும் காயிலுக்கு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு, 0.15 ஆம்பியர் அளவுதான் வேண்டும். எந்தச் சின்ன சுவிட்சும் அதைத் தாங்கும். கனமான வயர் எஞ்சின் பக்கத்திலேயே நின்றுவிடும்.

சரி, ரிலேயை எப்படி இணைப்பது? அதன் காலில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். எம்ஜிபியின் வயர் நிறங்கள் தெரிந்தால் வேலை சுலபம்: பழுப்பில் எப்போதும் கரண்ட் இருக்கும் (உயிரோடு என்பார்கள்), ஃபியூஸ் கிடையாது, வெள்ளை சாவி போட்டால் வரும், அதற்கும் ஃபியூஸ் கிடையாது, பச்சை சாவி போட்டால் ஃபியூஸ் வழியாக வரும், கறுப்பு எர்த், அதாவது காரின் பாடியோடு சேர்வது. பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், கனமான கரண்டை எடுக்க நல்ல இடம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான சாலினாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட். அங்கிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-லிருந்து ஃபேனுக்கு. ஃபேனின் மறுமுனை எர்த்துக்கு. பச்சை வயரிலிருந்து 86-க்கு. 85-லிருந்து இரண்டு கிளை: ஒன்று ரேடியேட்டரில் உள்ள, சூடு ஏறினால் தானாக ஆன் ஆகும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்கு, இன்னொன்று டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. ஒரு முனை மட்டும் உள்ள தெர்மோ சுவிட்சானால் அதன் உடம்பே எர்த்தாக வேண்டும். அது ரப்பர் ஹோஸுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் தனி எர்த் வயர் போடுங்கள்.

சுவிட்சை எர்த் பக்கம் வைப்பதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. டாஷ்போர்டுக்குப் போகும் வயர் எங்காவது உராய்ந்து தகரத்தைத் தொட்டாலும் தீப்பொறி பறக்காது, ஃபேன் தானாக ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். அதே இடத்தில் ஃபியூஸ் இல்லாத பழுப்பு வயர் உராய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எதுவானாலும் எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள்.

மேலே சொன்ன இரண்டு கிளைகள் பக்கவாட்டில், அதாவது பேரலலில் இருக்க வேண்டும். சிலர் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் சூடும் ஏற வேண்டும், நீங்களும் சுவிட்ச் போட வேண்டும், அப்போதுதான் ஃபேன் சுற்றும். ஆட்டோமேட்டிக்கும் இல்லை, மேனுவலும் இல்லை. இன்னும் சிலர் தெர்மோ சுவிட்சையே தூக்கிப்போட்டுவிட்டு டாஷ்போர்டு சுவிட்சை மட்டும் நம்புகிறார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய், வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டபிறகு சுவிட்சைத் தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதிகச் சூட்டில் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் என்ற சீல் போனால் செலவு சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்கு. ஆட்டோ, ஆஃப், ஆன் என்று மூன்று நிலை சுவிட்சும் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆட்டோ, ஆன் இரண்டே போதும்.

தெர்மோ சுவிட்சின் வெப்ப அளவையும் பாருங்கள். எஞ்சினில் 82 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் இருக்கும்போது 80-இல் ஃபேன் போடும் சுவிட்சை மேல் ஹோஸ் பக்கம் வைத்தால், ஃபேனுக்கு ஓய்வே இருக்காது.

வெள்ளை வயரிலிருந்து நேராக ஃபேனுக்குக் கரண்ட் எடுப்பது இன்னொரு வினோதமான தொல்லையைக் கொண்டுவரும். சாவியைத் திருப்பி எடுத்தபிறகும் எஞ்சின் ஓரிரு நொடி ஓடிக்கொண்டே இருக்கும். உரிமையாளர் கார்புரேட்டரைச் சந்தேகிப்பார், பெட்ரோலைச் சந்தேகிப்பார். உண்மையில் மின்சாரம் நின்றபிறகும் வேகத்தில் சுற்றும் ஃபேன் மோட்டார் ஒரு குட்டி டைனமோவாக மாறி, அதே வெள்ளை வயர் வழியாக இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் அனுப்புகிறது. ரிலேயின் 30-ஐப் பேட்டரி பக்கத்தோடு இணைத்துவிட்டால் அந்தப் பாதை அடைபடும். ரிலேயின் காயிலுக்குப் பச்சையிலிருந்து கரண்ட் எடுப்பதால் சாவியோடு ஃபேனும் நிற்கும். மாறாக எப்போதும் உயிருள்ள வயரிலிருந்து ரிலேயின் காயிலுக்குக் கரண்ட் எடுத்து, இரவு சுவிட்சை அணைக்க மறந்தால், மணிக்கு 10 ஆம்பியர்-மணி கணக்கில் பேட்டரி காலையில் செத்துக் கிடக்கும். எஞ்சின் நின்றபிறகும் ஃபேன் ஓடட்டுமே என்று கேட்பவர்களுக்கு: வாட்டர் பம்ப் நின்றுவிட்டதால் தண்ணீர் சுற்றுவதில்லை, ஃபேன் குளிர்விப்பது பெரும்பாலும் ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீரைத்தான்.

1967-இன் இறுதி வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் கூட்டல் முனைதான் பாடியோடு சேரும். இதைக் கவனிக்காமல் சிவப்பு வயரை ரிலேக்கும் கறுப்பு வயரை பாடிக்கும் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஃபேன் ஓடுவது காதில் கேட்கும், சூடு மட்டும் குறையாது. இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்து, ஒரு காகிதத்தைப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள். உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) வைத்த ரிலேயும் வேண்டாம். முனை மாறினால் டயோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும். பல வண்டிகளை இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள், ஆகவே வருடத்தை நம்பாமல் பேட்டரியையே பாருங்கள்.

அந்தப் பழைய வண்டிகளில் டைனமோவும் ஒரு சிக்கல். முழுசாகச் சுற்றினாலும் 22 ஆம்பியர்தான் தரும், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில். இரவு மழையில் நெரிசலில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் பேட்டரியைத்தான் தின்னும். டைனமோ வண்டியில் சுவிட்சைப் போட்டபடி ஊர் சுற்றாதீர்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கே: பழைய லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் 35 ஆம்பியரில் அது உருகும் என்று பொருள், தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. நவீன ஃபியூஸில் போட்டிருக்கும் எண் தொடர்ந்து தாங்கும் அளவு. 35-க்கு 35 என்று மாற்றினால் பாதுகாப்பு பாதியாகிவிடும். ஃபேனுக்கு 3 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 27 ஆம்பியர் வரை தாங்கும், 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் பொருந்தும். ஃபியூஸ் சாலினாய்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபேன் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

எர்த்தை பெயிண்ட் மேல் திருகாதீர்கள், தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். பழைய வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப்புகள் வேண்டாம். ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்துவிடும். சுவிட்சோடு ஒரு சின்ன விளக்கு வைப்பதானால் அதை 87-லிருந்து எடுங்கள். அப்போதுதான் ஃபியூஸ் போனால் விளக்கும் எரியாது, உங்களுக்குத் தெரியும். டாஷ்போர்டில் ஓட்டை போடாமல் அடியில் ஒரு தகட்டில் பொருத்தினால் காரை வாங்கப்போகிறவர் நன்றி சொல்வார்.

கடைசியாக, மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போதும் முள் ஏறினால் ஃபேன் சுவிட்சில் கை வைக்க வேண்டாம். அந்த வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கும், அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள், வயரிங் காத்திருக்கும்.