சாண எரிவாயுக் கலன் அமைக்கும் முறை

தொழுவத்தில் நான்கைந்து மாடுகள் கட்டி வளர்ப்பவர்கள், சமையலுக்கு வேண்டிய எரிபொருளின் பெரும்பகுதியை அங்கிருந்தே பெறலாம். சாணக் கரைசலைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும், கிராமங்களில் கோபர் கேஸ் என்று வழங்கும் இக்கலனுக்குக் கொத்தனாரை அழைப்பதற்கு முன், கிடைக்கும் சாணத்தை ஒரு வாரம் நிறுத்துப் பார்க்க வேண்டும். மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். ஆனால் மேய்ச்சலுக்குச் சென்று வரும் மாட்டின் சாணத்தில் ஒரு பங்கு காட்டிலேயே போய்விடுவதால், தொழுவத்தில் கைக்குக் கிடைப்பதை மட்டுமே கொள்ள வேண்டும்.

25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் எரிவாயுவுக்கு ஈடாகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலன் போதும். மானியத்தை எண்ணி, சாணத்துக்கு மீறிய பெரிய கலனைக் கட்டிவிட்டுப் பின்பு அதை அரைவயிறாகப் போடுவதே பல கலன்கள் பாழாவதற்குக் காரணம் என்பது என் கருத்து.

காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மிதக்கும் கொப்பரை வகையில், கரைசலின் மேல் கவிழ்த்து வைத்த கொப்பரைக்குள் சேரும் வாயு சீரான அழுத்தத்தில் வரும், கொப்பரை எழும்பியிருக்கும் உயரத்தைக் கொண்டே இருப்பையும் அறியலாம். இரும்புக் கொப்பரைக்கு மட்டும் துருப்பிடிக்காமல் அவ்வப்போது வண்ணம் பூச வேண்டும். 1984இல் அறிமுகமான தீனபந்து வகை மண்ணுக்குள் செங்கல்லால் குவிமாடமாகக் கட்டப்படுவது, செலவு குறைவானது. ஆயினும் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு கசிந்துவிடும் என்பதால், இதைக் கட்டிப் பழகிய கொத்தனார் கிடைத்தாலன்றி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயில் படும் இடமாக, மர வேர்களும் குடிநீர்க் கிணறும் அருகில் இல்லாததாகத் தேர்ந்தெடுக்கவும். வாயுவோடு நீராவியும் வந்து குழாயில் குளிர்ந்து நீராகத் தேங்கும். அடுப்பு நடுங்கி நடுங்கி எரிந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே குழாயைச் சரிவாகப் பதித்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் திருகொன்றை வைக்க வேண்டும்.

சாணத்தையும் நீரையும் சம அளவில் கலந்து, வைக்கோலையும் கல்லையும் நீக்கிய பின்பே ஊற்ற வேண்டும். வைக்கோல் மேலே மிதந்து ஆடையாகக் கட்டிக்கொண்டு வாயுவை எழவிடாது. தொடங்கும்போது, இயங்கும் கலனொன்றிலிருந்து சில வாளிக் கரைசலைக் கொண்டுவந்து சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். சில வாரங்களில் வாயு வரும். முதலில் வருவதில் கரியமில வாயு மிகுந்தும் காற்று கலந்தும் இருப்பதால், அதைப் பற்றவைக்காமல் திறந்தவெளியில் வெளியேற்றிவிட வேண்டும். சோப்பு நீரும் பினாயிலும் நுண்ணுயிர்களைக் கொல்லும். எனவே தொழுவம் கழுவிய நீரை உள்ளே விடலாகாது. மார்கழி, தை மாதக் குளிரில் வாயு குறைவது இயல்பு. வெயிலில் வைத்த நீரைக் கொண்டு கரைப்பது ஓரளவு உதவும்.

அடுப்பு சாண எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், ஏனெனில் சிலிண்டர் அடுப்பின் சிறு துளை இதற்குப் போதாது. சுடர் நீலமாக எரியும்வரை காற்றுத் துளையைத் திருப்பிச் சரிசெய்யவும். இணைப்புகளில் கசிவை சோப்பு நுரை பூசிப் பார்க்க வேண்டுமேயன்றித் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது. காலியான கலனாயினும், நச்சு வாயு தங்கியிருக்கும் என்பதால், எவரும் உள்ளே இறங்கக் கூடாது. வெளியேறும் கரைசலை அன்றன்றே பாசன நீரோடு கலந்து விடலாம், அல்லது குப்பைக்குழியில் சருகுகளோடு அடுக்கி மட்கவிடலாம். வெயிலில் உலர்த்தினால் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.